உங்களுக்குத் தெரியுமா? தேக்கில் பதிந்த தாது வருஷப் பஞ்சம்

கூத்தாநல்லூர் வயலில் குறுவை நட வேண்டுமானால் மேட்டூர் அணை திறக்க வேண்டும். அணை நிரம்பக் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்ட வேண்டும். அந்தப் பருவமழை பழங்காலத்தில் எப்போதெல்லாம் குறைந்தது என்பதற்குத் தேக்கு மரமே சாட்சி.

கோடையில் இலை உதிர்த்து நிற்கும் தேக்கு, மறுபடி துளிர்க்கும்போது பெரிய துளைகள் கொண்ட கட்டையை உண்டாக்கும். பின்னால் வளர்வது நெருக்கமான கட்டை. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு வளையம். ஈரம் நிறைந்த ஆண்டில் வளையம் அகலும், வறட்சியில் ஒடுங்கும். இதைப் பார்க்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. துளைக்கருவியால் பென்சிலைவிட மெல்லிய குச்சி ஒன்றை உருவி எடுத்தாலே போதும். (தென்னையிலும் பனையிலும் தேடாதீர்கள், அவற்றுக்கு ஆண்டு வளையமே கிடையாது.)

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள், கேரளத் தேக்குகளிலிருந்து 523 ஆண்டு வளையத் தொடரை 2010இல் வெளியிட்டார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் பருவமழை குறைந்த ஆண்டுகளின் தடயம் அதில் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் குக் குழுவினர், ஆசியாவின் 300க்கும் மேற்பட்ட மர வளையத் தொடர்களைத் தொகுத்து வறட்சி வரைபடம் தயாரித்தார்கள். அதில் 1876-78 வறட்சி தனித்துத் தெரிகிறது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட தாது வருஷப் பஞ்சம் அதுதான்.

பழைய வீட்டை இடிக்கும்போது தேக்கு உத்திரம் கிடைத்தால், அறுத்த முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். வளையங்கள் கண்ணுக்கே தெரியும். தயவுசெய்து அதை விறகுக்கு அனுப்பிவிடாதீர்கள்.