மகளிர் கல்லூரி கோல்ஃப் போட்டி நடத்த என்னென்ன தேவை? திருவனந்தபுரம் மைதானம் தரும் வாய்ப்பு

திருவனந்தபுரம்: கல்லூரி மாணவிகளுக்கான கோல்ஃப் போட்டியை நடத்த விரும்பும் எந்தப் பல்கலைக்கழகமும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, மைதானம் யாருடையது என்பதாகும். கபடிக்கும் கைப்பந்துக்கும் கல்லூரி வளாகத்திலேயே இடம் கிடைத்துவிடும். கோல்ஃபுக்கோ 9 குழிகள் கொண்ட சிறிய மைதானம் அமைக்கவே பல ஏக்கர் நிலம் வேண்டும். இந்தியாவில் அத்தகைய நிலம் பெரும்பாலும் உறுப்பினர் சங்கங்கள், ராணுவம், தேயிலைத் தோட்ட நிறுவனங்கள் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளது. இதனால் மாணவிகளின் போட்டி, மைதானத்தை வைத்திருப்பவர்களின் அனுமதியை நம்பியே இருக்க வேண்டியுள்ளது.

இந்த நிலைமைக்கு ஒரு விலக்காக அமையக்கூடிய சூழல் கேரளத் தலைநகரில் உள்ளது. நகரின் கவடியார் பகுதியில் 9 குழிகள் கொண்ட பழைமையான கோல்ஃப் மைதானம் அமைந்துள்ளது. திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் உருவான இம்மைதானத்தின் நில உரிமை குறித்து மாநில அரசுக்கும் கோல்ஃப் சங்கத்துக்கும் இடையே நீண்டகாலம் வழக்கு நடைபெற்றது. பின்னர் இந்திய விளையாட்டு ஆணையம் இங்கு தேசிய கோல்ஃப் அகாடமியை அமைத்தது. இதே ஆணையத்தின் கீழ், 1985இல் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி நகரின் காரியவட்டத்தில் இயங்கி வருகிறது.

கேரளப் பல்கலைக்கழகத்துக்கெனத் தனி கோல்ஃப் மைதானம் இல்லை. எனினும் மைதானமும் உடற்கல்விக் கல்லூரியும் ஒரே பொதுத்துறை அமைப்பின் பொறுப்பில், ஒரே நகரில் இருப்பது அரிதான பொருத்தமாகும். பல்கலைக்கழக நிலத்தை விளையாட்டுக்குப் பயன்படுத்துவதும் இந்நகருக்குப் புதிதன்று. 2015ஆம் ஆண்டு 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா நடைபெற்ற காரியவட்டம் கிரீன்ஃபீல்டு அரங்கம், கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் எழுப்பப்பட்டதாகும்.

1941: ஒரு பல்கலைக்கழகம் காட்டிய வழி

பல்கலைக்கழகம் தன் சொந்த மைதானத்தை மாணவிகளுக்குத் திறந்துவிட்டால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம் சான்றாக உள்ளது. அங்கு மகளிர் உடற்கல்வித் துறையின் தலைவராக இருந்த கிளாடிஸ் பால்மர், 1941இல் மாணவிகளுக்கான முதல் தேசிய கல்லூரி கோல்ஃப் போட்டியைத் தமது பல்கலைக்கழக மைதானத்தில் நடத்தினார். கல்லூரிப் பெண்களுக்குத் தேசிய அளவிலான போட்டி தேவையில்லை என்ற கருத்து அக்காலத்தில் மகளிர் உடற்கல்வி அமைப்புகளிடமே வலுவாக இருந்தது. ஆடவர் விளையாட்டில் காணப்பட்ட பணப்போக்கும் வெற்றி வெறியும் பெண்களிடமும் பரவிவிடும் என்று அவை அஞ்சின. அந்த எதிர்ப்பையும் மீறி நடைபெற்ற போட்டியில் அலபாமா பல்கலைக்கழக மாணவி எலினர் டட்லி வெற்றி பெற்றார்.

இரண்டாம் உலகப் போரால் தடைபட்ட இப்போட்டி 1946இல் மீண்டும் தொடங்கியது. 1947இல் ஷெர்லி ஸ்போர்க்கும் 1949இல் மேரிலின் ஸ்மித்தும் பட்டம் வென்றனர். அடுத்த ஆண்டே, அதாவது 1950இல், மகளிர் தொழில்முறை கோல்ஃப் சங்கமான எல்பிஜிஏ உருவானபோது அதைத் தோற்றுவித்த 13 பேரில் இவ்விருவரும் இடம்பெற்றனர். உலக மகளிர் கோல்ஃபின் முதன்மை அமைப்பை உருவாக்கியவர்களுள் இருவர் மாணவிகள் போட்டியில் இருந்து வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மைதானம் கிடைத்த பின்னரும் தடைகள் நீங்கிவிடவில்லை. மேரிலின் ஸ்மித் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, தேசியப் போட்டிக்குச் செல்வதற்கான பயணச் செலவை அவருடைய தந்தை பல்கலைக்கழகத்திடம் கேட்டார். மகள் ஆணாகப் பிறக்காமல் போனது வருத்தத்துக்குரியது என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட பின்னரே மாணவிகளின் விளையாட்டுக்கு முறையான நிதி கிடைக்கத் தொடங்கியது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ, தனது முதல் மகளிர் கோல்ஃப் சாம்பியன் போட்டியை 1982இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மைதானத்தில் நடத்தியது. அதில் டல்சா பல்கலைக்கழக அணி பட்டம் வென்றது.

சங்கங்களின் கதவுகள் இதைவிடத் தாமதமாகவே திறந்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கம் பெண்களை உறுப்பினர்களாக ஏற்க முடிவு செய்தது 2014ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் சங்கம் 2012இல் முதன்முறையாகப் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது.

தமிழகத்திலும் இந்த இடைவெளியைக் காணலாம். 1984இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில் உள்ளது. அதே மலை நகரில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய கோல்ஃப் மைதானமும் உள்ளது. ஆனால் மைதானம் சங்கத்துக்கு உரியது, பல்கலைக்கழகத்துக்கு உரியதன்று.

எத்தனை அணிகள் பங்கேற்க இயலும்?

கல்லூரி கோல்ஃப் போட்டியில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவதும், அவர்களில் சிறந்த நால்வரின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் வழக்கமான முறையாகும். எடுத்துக்காட்டாக, ஓர் அணியின் ஐந்து மாணவிகள் முறையே 74, 76, 79, 81, 90 அடிகளில் ஆட்டத்தை முடித்தால், 90 விடுபட்டு அணியின் எண்ணிக்கை 310 ஆகும். குறைந்த எண்ணிக்கை பெறும் அணியே முன்னிலை பெறும். ஒரு மாணவிக்கு ஒரு நாள் ஆட்டம் சரியாக அமையாவிட்டாலும் அணி வீழ்ந்துவிடாமல் இம்முறை காக்கிறது. நாளொன்றுக்கு 18 குழிகள் வீதம் மூன்று நாள் நடைபெறும் போட்டியில் மொத்தம் 54 குழிகள் ஆடப்படும்.

கவடியார் போன்ற 9 குழி மைதானத்தில் 18 குழிகளை நிறைவு செய்ய, ஆட்டக்காரர்கள் இரண்டு முறை சுற்றிவர வேண்டும். இரண்டாவது சுற்றில், ஆட்டம் தொடங்கும் டீ பகுதியைச் சற்று முன்னரோ பின்னரோ மாற்றி அமைத்தால் அதே குழி வேறு தூரத்தில் ஆடப்படும்.

அனைத்துக் குழிகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கும் முறை ஷாட்கன் தொடக்கம் எனப்படுகிறது. இம்முறையில் குழிக்கு மூவர் வீதம் 9 குழிகளில் 27 பேர் ஒரே சமயத்தில் ஆடலாம். ஐந்து பேர் கொண்ட ஐந்து அணிகளுக்கு 25 இடங்கள் போக, அணி அமைக்க இயலாத கல்லூரிகளில் இருந்து தனியாக வரும் இருவருக்கும் இடம் கிடைக்கும். காலை 7 மணிக்குத் தொடங்கினால் நண்பகல் வாக்கில் ஆட்டத்தை முடித்துவிட இயலும். இதைவிட அதிக அணிகளை அழைத்தால் பிற்பகலில் இரண்டாவது பிரிவை நடத்த நேரிடும். கடலோர நகரின் புழுக்கத்தில் பையைச் சுமந்துகொண்டு 18 குழிகள் நடப்பது மாணவிகளுக்குக் கடும் சோதனையாக அமையும்.

நாள் குறிப்பதில் கவனம்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1 ஆகும். அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. எனவே ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான காலமே போட்டிக்கு ஏற்றதாகும்.

அந்தக் காலத்திலும் இந்நகருக்கே உரிய ஒரு நிகழ்வைக் கணக்கில் கொள்ள வேண்டும். கும்ப மாதத்தில் நடைபெறும் ஆற்றுக்கால் பொங்காலையின்போது பல லட்சம் பெண்கள் நகரின் சாலைகளில் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவர். அந்நாட்களில் போக்குவரத்து முடங்குவதுடன் தங்கும் விடுதிகளிலும் இடம் கிடைப்பது கடினம். பங்குனி ஆறாட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதால், அன்று சில மணி நேரம் விமானப் போக்குவரத்தும் நிறுத்தப்படுகிறது. பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையையும் இவற்றுடன் ஒப்பிட்ட பின்னரே நாள் குறிக்க இயலும்.

மின்னல் அபாயம் கோல்ஃபில் மிகுதி. திறந்தவெளியில், கையில் உலோகக் கோலுடன் ஆட்டக்காரர்கள் நிற்பதே இதற்குக் காரணம். ஆபத்து நெருங்கினால் நடுவர் குழு ஒரே நீண்ட சங்கொலியை எழுப்பும். அதைக் கேட்டதும் அடுத்த அடியைக்கூட அடிக்காமல் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். இருள் போன்ற ஆபத்தில்லாத காரணங்களுக்காக நிறுத்தும்போது தொடர்ந்து மூன்று ஒலிகளும், மீண்டும் தொடங்கும்போது இரண்டு குறு ஒலிகளும் எழுப்பப்படும். 27 மாணவிகளும் ஒதுங்குவதற்குப் பாதுகாப்பான கட்டடம் எது என்பதை முதல் நாளிலேயே அறிவித்துவிட வேண்டும்.

மைதானத்தைத் தயார் செய்தல்

ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் கிரீன் எனப்படும் குறும்புல் பரப்பு சீராக வெட்டப்பட்டு, குழியின் இடம் மாற்றப்படும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். முந்தைய நாள் காலடி பட்டுத் தேய்ந்த இடத்தைத் தவிர்ப்பதும், மூன்று நாளும் ஒரே கோணத்தில் ஆட்டம் அமையாமல் பார்த்துக்கொள்வதும் இதன் நோக்கமாகும்.

மைதானத்தின் கடினத்தன்மை மகளிருக்கெனத் தனியாக மதிப்பிடப்பட வேண்டும் என்பதும் முக்கியமானது. 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையின்படி, ஒரே டீ பகுதிக்கு ஆடவருக்கும் மகளிருக்கும் வெவ்வேறு மதிப்பீடுகள் கணக்கிடப்படுகின்றன. இந்த மதிப்பீடு இல்லாமல் பதிவாகும் எண்ணிக்கையால் மாணவியின் ஹேண்டிகேப் கணக்குக்குப் பயன் கிடைக்காது.

புதிதாகக் கற்கும் மாணவிகளுக்கும் விதிகளில் இடமுண்டு. ஒரு குழிக்கு இவ்வளவு அடிகள்தான் உச்சம் என வரையறுத்து ஆடும் முறையை நடுவர் குழு தேர்ந்தெடுக்கலாம். அந்த எண்ணிக்கையை எட்டிய மாணவி பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குச் செல்லலாம். இதனால் ஆட்டம் தேங்காது. ஒரே குழியில் பின்தங்கியவர் மனம் தளர்ந்து வெளியேறவும் நேராது.

செலவும் சமவாய்ப்பும்

கோல்ஃப் வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்ற எண்ணம் நிலவுவதற்குக் கருவிகளின் விலையும் ஒரு காரணமாகும். ஒரே நேரத்தில் மைதானத்தில் ஆடும் இருவர் ஒரே கோல்களைப் பகிர்ந்துகொள்ள விதிகள் இடமளிப்பதில்லை. எனவே ஐந்து பேர் அணிக்கு ஐந்து பைகள் தேவை. அதேவேளையில், அதிகபட்சம் 14 கோல்கள் என்று கூறும் விதி, குறைந்தபட்ச எண்ணிக்கை எதையும் வரையறுக்கவில்லை. ஏழு கோல்கள் கொண்ட பாதித் தொகுப்புடனும் போட்டியில் ஆடலாம். கல்லூரிகள் இத்தகைய தொகுப்புகளை வாங்கி வைத்து மாணவிகளுக்கு வழங்கினால் செலவு வெகுவாகக் குறையும்.

பையைச் சுமக்கும் கேடி உதவியாளர்களை அனுமதிப்பதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் மாணவிகளே பையைச் சுமக்கின்றனர் அல்லது தள்ளுவண்டியில் கொண்டு செல்கின்றனர். மைதானத்தை நன்கறிந்த கேடியை அமர்த்தும் வசதி ஓர் அணிக்கு மட்டும் இருந்தால், அது ஆட்டத்தின் முடிவையே பாதிக்கக்கூடும். கேடிகளைத் தடைசெய்யும் உள்ளூர் விதியை நடுவர் குழு அறிவிக்க அதிகாரம் உண்டு. எனினும் கேடித் தொழிலையே நம்பி வாழ்வோர் உள்ள மைதானங்களில், போட்டி நாட்களில் அவர்களைப் பந்து தேடவும் எண்ணிக்கை பதியவும் ஊதியத்துடன் அமர்த்துவது இரு தரப்புக்கும் நன்மை பயக்கும். தொலைந்த பந்தைத் தேட விதிகள் அனுமதிக்கும் நேரம் மூன்று நிமிடம் மட்டுமே என்பதால், கூடுதல் கண்கள் ஆட்டத்தின் வேகத்துக்கும் உதவும்.

மாணவிகள் நாள் முழுவதும் மைதானத்தில் இருப்பதால், சுற்றுப்பாதையின் நடுவே கழிப்பறை, குடிநீர், நிழற்குடை ஆகியவை அவசியம். பெண் நடுவர்கள், பாதுகாப்பான விடுதி, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் தொடர்பு விவரங்கள் ஆகியவையும் அழைப்பிதழிலேயே இடம்பெற வேண்டும். வெளியூருக்கு மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றபோது, கோல்ஃப் விதிகளே அறியாத இந்தியர் பலர் விடியற்காலையில் எழுந்து அவரது ஆட்டத்தைப் பார்த்தனர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். அந்த ஆட்டங்களைக் கண்டு ஆர்வம் கொண்ட ஒரு கல்லூரி மாணவிக்கு, சங்க உறுப்பினரின் மகளாக இல்லாத நிலையில், கோலைக் கையில் எடுக்க ஓர் இடம் தேவை.

வழுதக்காடு அரசு மகளிர் கல்லூரியில் இருந்து கவடியார் மைதானம் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் உள்ளது. நாகர்கோவில், திருநெல்வேலி கல்லூரிகளின் மாணவிகளும் ரயிலில் சில மணி நேரத்தில் திருவனந்தபுரத்தை அடைந்துவிடலாம். ஐந்து அணிகள் கொண்ட போட்டிக்கு மைதானத்தின் வழக்கமான பயன்பாட்டில் இருந்து ஒதுக்க வேண்டியது, பயிற்சி ஆட்டத்துக்கான ஒரு நாளையும் சேர்த்து, நான்கு நாட்களின் காலை நேரம் மட்டுமே.