மடைவாயில் மயில்துத்தம்

நடவு வயலில் பாசி மண்டினால் அதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டி மடைவாயில் போட்டுவிட்டால், பாய்கிற தண்ணீரோடு அது கரைந்து வயல் முழுக்கப் பரவும். இளம்பயிரைத் தூக்கிவிடுகிற இழைப்பாசியை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் ஆள் பார்த்துக் கொல்லாது. சொல்லப்போனால், பச்சைப் பாசியைவிட நீலப்பச்சைப் பாசிதான் அதற்கு முதலில் சாகும்.

சாகிறது என்றால் அனபீனா, நாஸ்டாக், டோலிபோத்ரிக்ஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் எல்லாம்தான். இந்திய நெல்வயலின் வளத்துக்கு இவையே முக்கியக் காரணம் என்று 1939-லேயே ஆய்வாளர் பி.கே. டே எழுதிவிட்டார். எல்லாம் கூடிவந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து இவை தருவது ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து. 45 கிலோ மூட்டைக் கணக்கில் ஒன்று, ஒன்றரை மூட்டை யூரியாவில் இருக்கிற சத்து. காசும் கிடையாது, வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

பூச்சிமருந்தை எல்லோரும் திட்டுகிறோம். ஆனால் இந்த நீலப்பச்சைப் பாசி விஷயத்தில் அதன் கதையே வேறு. பல பூச்சிமருந்துகள் சிபாரிசு அளவில் பாசியை அவ்வளவாகத் தொடுவதில்லை. சில வயல்களில் மருந்து விழுந்த பிறகு பாசி கூடவே செய்திருக்கிறது. பாசியை மேய்கிற நுண்ணிய ஓட்டுயிரிகள் அதில் செத்துப்போவதுதான் காரணம்.

உண்மையில் பயப்பட வேண்டியது களைக்கொல்லிக்கு. பாசியும் வெயிலைத் தின்று வாழ்கிற உயிர்தான். டையூரான், புரோபனில் போன்றவை களையின் ஒளிச்சேர்க்கையைத்தான் அறுக்கின்றன. அதே கத்தி பாசியின் கழுத்திலும் விழுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பது இழையில் பத்திருபது செல்லுக்கு ஒன்றாக இருக்கும் தடித்த சுவர் செல். அதற்குச் சோறு போடுவது பக்கத்துச் செல்களின் ஒளிச்சேர்க்கை. அது நின்றால் நைட்ரஜன் பிடிப்பதும் நின்றது.

பூட்டாகுளோர் வேறு வழியில் வேலை செய்கிற மருந்து. ஆனாலும் அளவு ஏற ஏறப் பாசியின் வளர்ச்சியும் நைட்ரஜன் பிடிப்பும் சரிவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நம் ஊர் சிபாரிசைப் பாருங்கள்: நட்ட மூன்றாம் நாள் பூட்டாகுளோரை மணலில் கலந்து தூவ வேண்டும், பத்தாம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ நீலப்பச்சைப் பாசி உரம் தூவ வேண்டும். இடையில் ஒரே வாரம். எந்த மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் பொறுத்துப் பாசி போடலாம் என்று உரக்கடையில் யார் சொல்கிறார்கள்?

சோதனைக்குடுவையில் சாகிற பாசி வயலில் பிழைத்துக்கொள்ளும், சேறு மருந்தை உறிஞ்சிவிடும், சில வாரங்களில் பாசி மீளும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இருக்கட்டும். குறுவைப் பயிரின் வயதே 110 நாள்தான். பயிர் மூடி நிழல் கட்டுவதற்குள் பாசிக்குக் கிடைக்கிற வெயில் நாட்களில் சில வாரம் போனால் மிச்சம் என்ன?

இதில் நேரடி விதைப்பு வேறு பரவுகிறது. நடவுக்கு ஆள் இல்லை, கூலி கட்டுபடியாகவில்லை. விவசாயியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒன்றாகவே முளைக்கின்றன. அதனால் முளைக்குமுன் ஒரு மருந்து, முளைத்தபின் இன்னொன்று, பிறகு குலைநோய்க்குப் பூஞ்சாணக்கொல்லி. ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு மருந்தை ஒரு பாசியோடு வைத்துப் பார்த்தவை. வயலிலோ ஒரே தண்ணீரில் அத்தனையும் கலந்து நிற்கின்றன.