கைபேசிப் பதிப்பில் இல்லாத இணைப்பு கூகுளுக்குத் தெரியாது: மட்டாஞ்சேரி வணிகர்கள் அறிய வேண்டியவை

கொச்சி: கேரள மாநிலம் கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரி, 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்துக்கும், அதனையொட்டிய ஜூ டவுன் பகுதியின் மசாலா மற்றும் பழம்பொருள் கடைகளுக்கும் பெயர் பெற்றது. இத்தகைய சிறு கடைகள் சொந்தமாக இணையதளம் வைத்திருந்தும், கூகுள் தேடலில் பின்தங்குவது உண்டு. கைபேசிப் பதிப்பில் உள்ளிணைப்புகள் விடுபடுவது அதற்கான காரணங்களில் ஒன்றாகும்.

உள்ளிணைப்பு என்றால் என்ன?

ஓர் இணையதளத்தின் ஒரு பக்கத்திலிருந்து அதே தளத்தின் மற்றொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பே உள்ளிணைப்பு. கூகுளின் தானியங்கி நிரலான கூகுள்பாட், இந்த இணைப்புகளைப் பின்தொடர்ந்து புதிய பக்கங்களைக் கண்டறிகிறது. ஒரு பக்கம் எதைப் பற்றியது, தளத்தில் அதன் முக்கியத்துவம் என்ன என்பதை அறியவும் இவை உதவுகின்றன.

கணினியிலிருந்து கைபேசிக்கு

முன்பு கணினிப் பதிப்பையே கூகுள் அடிப்படையாகக் கொண்டிருந்தது. கைபேசிப் பதிப்புக்கு முன்னுரிமை அளிக்கும் முறையை 2016 நவம்பரில் அறிவித்து, 2018 மார்ச் முதல் தளங்களைப் படிப்படியாக அதற்கு மாற்றியது. 2019 ஜூலை 1 முதல் புதிய தளங்களுக்கு இதுவே இயல்பான முறையானது. இம்மாற்றம் நிறைவடைந்ததாக 2023 அக்டோபரில் அந்நிறுவனம் தெரிவித்தது.

சிக்கல் எங்கே எழுகிறது?

ஒரு மசாலாக் கடையின் தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கணினித் திரையின் ஓரத்தில் மிளகு, ஏலக்காய், ஜாதிக்காய் என ஒவ்வொரு பொருளின் பக்கத்துக்கும் இணைப்பு இருக்கிறது. கைபேசியில் இடம் போதாது என்று அந்தப் பட்டியல் நீக்கப்படுகிறது. கைபேசிப் பதிப்பையே அடிப்படையாகக் கொள்ளும் கூகுளுக்கு, அப்பக்கங்களுக்குச் செல்லும் வழி அடைபடுகிறது. தள வரைபடக் கோப்பு மூலம் அவற்றைக் கண்டறிய முடியும் என்றாலும், உள்ளிணைப்புகள் தரும் முக்கியத்துவக் குறிப்பு கிடைக்காது.

கைபேசிக்கெனத் தனி முகவரி வைத்துள்ள தளங்களில் இந்த வேறுபாடு எளிதில் ஏற்படும். ஒரே பக்கம் திரையின் அளவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வடிவமைப்பில் இதற்கு வாய்ப்பு குறைவு. அந்த வடிவமைப்பையே கூகுளும் பரிந்துரைக்கிறது.

மறைப்பதும் நீக்குவதும் ஒன்றல்ல

மூன்று கோடுகள் கொண்ட பட்டிக்குள் இணைப்புகளை மடித்து வைப்பதில் தவறில்லை. பக்கத்தின் எச்.டி.எம்.எல். நிரலில் அவை இருந்தால் கூகுள் படித்துவிடும். ஆனால், பயனர் தொட்ட பிறகே ஏற்றப்படும் இணைப்புகளை அது காணாது. கூகுள்பாட் பொத்தான்களை அழுத்துவதில்லை.

கவனிக்க வேண்டியவை

* கணினிப் பதிப்பில் உள்ள முக்கிய இணைப்புகள் அனைத்தும் கைபேசிப் பதிப்பிலும் இடம்பெற வேண்டும்.

* 'இங்கே சொடுக்கவும்' என்பதற்குப் பதிலாக, 'வயநாட்டு மிளகு' என்பது போலப் பக்கத்தின் பொருளை உணர்த்தும் சொற்களில் இணைப்பு அமைய வேண்டும்.

* விரலால் தவறின்றித் தொடும் அளவுக்கு இணைப்புகளிடையே இடைவெளி வேண்டும்.

கூகுள்பாட் தங்கள் பக்கத்தை எவ்வாறு படித்துள்ளது என்பதைத் தள உரிமையாளர்கள் 'சர்ச் கன்சோல்' சேவையின் முகவரி ஆய்வுக் கருவியில் பார்க்கலாம். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. அதில் காட்டப்படும் நிரலில் மிளகுப் பக்கத்துக்கான இணைப்பு இல்லையெனில், திருத்தத்தைக் கைபேசிப் பதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.