அவரைக் கொடியில் எறும்பு ஏறுவது ஏன்?

பூவும் பிஞ்சுமாய்ப் பொலியும் அவரைக் கொடியில் எறும்புகள் சாரைசாரையாய் ஏறி இறங்குவதைக் கண்டால், வாசகரே, அவற்றின் வழியே உங்கள் பார்வையையும் செலுத்துங்கள். இளங்குருத்தில் எள்ளினும் சிறிய கரிய ஜந்துக்கள் அப்பிக் கிடக்கும்.

அவை அசுவினி என்னும் சாறுறிஞ்சும் பூச்சிகள்தான் என்று நிச்சயிப்பது எப்படி? பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால், பருத்த சரீரத்தின் பின்புறத்தில் இரு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுவே பிரதான லட்சணம். அருகிலுள்ள வெள்ளைத் துகள்களை முட்டைகளென்று எண்ணிவிடாதீர்கள்; அவை உரித்தெறிந்த தோல்கள். பெட்டை அசுவினி, ஆணின் துணையின்றியே, முட்டையிடாமல் குஞ்சுகளாகவே ஈன்று தள்ளுவது அதிசயம்!

இலையில் உற்பத்தியான சர்க்கரையைச் சுமந்தோடும் நாளத்தில் அது தன் ஊசிவாயைச் செருகியதும், உள்ளிருக்கும் அழுத்தமே சாற்றை மேலே தள்ளிவிடுகிறது. ஆயினும் அச்சாற்றில் இனிப்பு மிகுதி, உடல் வளர்க்கும் சத்தோ சொற்பம். முந்திரிக்கு ஆசைப்பட்டவன், அண்டாப் பாயசத்தையும் குடித்தால்தான் நாலு பருப்பு கிட்டும் என்றால் என்ன செய்வான்? அசுவினியும் ஓயாது குடித்து, வேண்டாத இனிப்பைப் பின்வழியே துளித்துளியாய் வெளியேற்றுகிறது.

அந்தத் தேன்துளிக்காகவே எறும்புகள் வருகின்றன. பிரதியுபகாரமாக, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டுகின்றன. எறும்புகள் நக்காமல் விட்ட துளிகளிலோ கரும்பூசணம் படர்ந்து இலையை மூடுகிறது.