கடல் கடந்து நிற்கும் பெயர்

போர்க்களத்தில் உயிர் துறந்த வீரனுக்குக் கல் நாட்டிப் பரவுதல் தமிழ் மக்களின் தொன்மையான வழக்கமாகும். தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல், அதனை நாட்டி வாழ்த்துவது வரை, அம்முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்துரைக்கின்றது. கல்லில் வீரனுடைய பெயரும் பெருமையும் பொறிக்கப்பட்டன. உடல் மறைந்தாலும் பெயர் மறையலாகாது என்பதே முன்னோர் கருத்து. ஊரைக் காத்து வீழ்ந்தவனுக்கு ஊரார் கல் நாட்டினர். கடல் கடந்து வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டுவார் யாவர்?

இத்தாலி நாட்டிலே ஒரு தமிழருடைய பெயர் இவ்வாறு நிற்கின்றது. அவர் சுபேதார் சுப்பிரமணியன். 1912 ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலே பிறந்தவர்; மதராஸ் சப்பர் படையிற் சேர்ந்தவர். பாலம் அமைத்தலும், பாதை திருத்தலும், கண்ணிவெடி அகற்றலும் அப்படையினரின் பணிகள். 1944 பெப்ரவரியில் இந்தியப் படையின் 4 ஆம் டிவிஷன் கசினோ மலைப்புறத்திலே கடும்போர் புரிந்தது. அம்மாதம் 24 ஆந் தேதி, மிஞ்ஞானோ என்னும் இடத்தில், அவருடன் நின்றோர் நடுவே கண்ணிவெடியொன்று வெடிக்கும் நிலைக்கு வந்தது. எஞ்சியிருந்தவை சில நொடிகளே. ஓடித் தப்ப எண்ணாது, தம் உடலையே அதன்மேல் வீழ்த்தி வெடிப்பைத் தாம் ஏற்றார். தோழர்கள் பிழைத்தனர். அவர் மறைந்தபின் ஜோர்ஜ் சிலுவை என்னும் உயர்ந்த விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அவருக்குத் தனிக் கல்லறை இல்லை. ஏட்ரியாற்றிக் கடலோரத்தில் உள்ள சங்ரோ ஆற்றுப் போர் மயானத்தில் 2,600 இற்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அங்கேயே, தம் சமயநெறிப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர் 500 பேருக்கு மேற்பட்டோரின் பெயர் தாங்கிய நினைவகமும் உண்டு. சுப்பிரமணியனின் பெயர் இருப்பது அந்நினைவகத்திலேதான். சைவ மரபில் வந்த நமக்கு இதன் பொருளை ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

1917 இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், பதவியாலும் மதத்தாலும் இனத்தாலும் வேற்றுமை காட்டலாகாது என்பதைத் தன் கொள்கையாகக் கொண்டது. கொள்கை நன்று, எனினும் அஃது எங்கும் பேணப்படவில்லை. முதலாம் உலகப் போரில் மெசொப்பொத்தேமியாவில் மாண்டோர்க்கெனப் பாஸ்ராவில் எழுப்பிய நினைவகத்திலே, இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்களோ வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இத்தகைய குறைகள் நேர்ந்ததை 2021 இல் அவ்வாணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எண்ணாகக் குறிக்கப்பட்ட ஒவ்வொருவனுக்கும் வீட்டிலே பெயர் ஒன்று இருந்ததன்றோ! அப்பெயரை ஒரு தாய் அழைத்திருப்பாள்.

சீருடை அணியாது மாண்டோரின் கதை இதனினும் துயரமானது. சப்பானியர் 1942, 1943 ஆம் ஆண்டுகளில் அமைத்த சயாம் மரண இரயிற்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மடிந்தனர். அங்கே காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அத்தமிழருள் மிகப் பலருக்கோ பெயர் தாங்கிய கல் ஒன்றேனும் இல்லை.

நம் தெல்லிப்பழையார் இறந்தோரின் சாம்பலைக் கீரிமலைக் கடலிலே கரைப்பர். ஆடி அமாவாசையன்று தந்தையை நினைந்து அங்கே தீர்த்தமாடுவர். கல் எழுப்புவதில்லை, பெயர் சொல்லித் தருப்பணம் செய்கின்றோம். நம்மிடையே பெயரே நடுகல். ஆயின் 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, அக்கரைக்குச் செல்லும் வழியும் நெடுங்காலம் அடைபட்டது. 2009 வரை நீண்ட போரிலே காணாமற் போனோரின் குடும்பங்களுக்கோ கரைக்கச் சாம்பலும் இல்லை. நினைக்கத் திதியும் இல்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லி விளக்கேற்றுவதா, வருவான் என்று வாசலை நோக்குவதா என்று அறியாத தாய்மார் இன்றும் நம் அயலில் வாழ்கின்றனர். அத்தாய்மார்க்குப் பிறர் செய்யத்தக்க சிற்றுதவி, அப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லக் கூசாதிருத்தல்.

மாணவர்கள் செய்யத்தக்க பணியும் ஒன்று உண்டு. உங்கள் பாட்டன் பாட்டியரை அணுகி, நம் ஊரினின்று சென்று திரும்பாதோர் யாவர் எனக் கேளுங்கள். பெயர், ஊர், பெற்றோர், சென்ற ஆண்டு, இறுதியாக அறிந்த செய்தி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். படையிற் சேர்ந்து உலகப் போர்களில் மாண்டோராயின், ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைக் கொண்டே தேடலாம். இணையத்திலே அஃது எவர்க்கும் திறந்திருக்கின்றது. ஏனையோர்க்கு உங்கள் கொப்பியே பதிவேடு. அவர்களை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஆதலால் இப்பணியை அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைத்தல் தகாது.