மேலே ஓர் ஆறு, கீழே ஓர் ஆறு

ஜனவரி மாதம். இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரில் ஓடும் வார்ஃப் ஆற்றின் கரையில் நீங்கள் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கும் 2 டிகிரி கீழே. கரையோரப் புல்லின் மீது வெண்பனி படிந்திருக்கிறது. ஆறு மட்டும் உறையவில்லை. கூழாங்கற்களின் மேல் சலசலத்து ஓடுகிறது. உங்கள் கையில் 3 மீட்டர் நீளமுள்ள, நாணல்போல் வளையும் ஒரு தூண்டிற்கோல். அதன் நூல் நுனியில் மண்புழுவும் இல்லை, மாவுருண்டையும் இல்லை. ஒரு சிறிய முள்ளின் மேல் கம்பளி நூலையும் செப்புக் கம்பியையும் சுற்றிச் செய்த ஒரு பொம்மைப் பூச்சிதான் இருக்கிறது. நெல்மணியை விடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்.

இதைக் கொண்டு ஆற்றின் அடியில் இருக்கும் ஒரு மீனை நம்ப வைக்க வேண்டும். முடியுமா?

முதல் நாளில் பெரும்பாலோருக்கு முடிவதில்லை. காலை முதல் வீசி வீசி, விரல்கள் மரத்துப்போய், வெறுங்கையுடன் திரும்புவார்கள். "ஆற்றில் மீனே இல்லை" என்று சொல்வார்கள். மீன் இருக்கிறது. ஆனால் அது இருக்கும் ஆறு வேறு. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆறு வேறு! இது என்ன புதிர் என்கிறீர்களா? உங்கள் இயற்பியல் பாடநூலில் உள்ள சில செய்திகளே இதை விடுவித்துவிடும்.

ஓமமணம் கொண்ட மீன்

நாம் தேடி வந்த மீனின் பெயர் கிரேலிங். ஐரோப்பாவின் குளிர்ந்த, தூய்மையான ஆறுகளில் வாழ்வது. நீலகிரியின் குளிர்ந்த நீரோடைகளுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட டிரௌட் மீனுக்கு இது உறவு. வெள்ளி நிற உடல். முதுகின் மேல் பாய்மரம்போல் விரியும் ஒரு பெரிய துடுப்பு. அந்தத் துடுப்பை ஒருமுறை பார்த்தால் வேறு மீன் என்று நினைக்கவே மாட்டீர்கள்.

இதன் அறிவியல் பெயர் தைமாலஸ் தைமாலஸ். புதிதாகப் பிடித்த மீனில் தைம் என்னும் மூலிகையின் மணம் வீசும் என்பதால் வந்த பெயர் இது. தைம் இலையை நீங்கள் முகர்ந்ததில்லையா? கவலை வேண்டாம். வீட்டில் ஓமத்தைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். இரண்டின் மணத்துக்கும் காரணம் தைமால் என்னும் ஒரே வேதிப்பொருள்தான்.

இதை ஏன் நடுங்கும் குளிரில் தேட வேண்டும்? டிரௌட் மீன் இலையுதிர் காலத்தின் இறுதியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிடும். அப்போது அதைப் பிடிக்கத் தடை உண்டு. கிரேலிங் முட்டையிடுவதோ வசந்த காலத்தில். ஆகவே குளிர்காலத்தில் அது நல்ல உடல்நிலையில் இருக்கும். நீர் மிகவும் குளிர்ந்த பின்னும் அது இரை எடுப்பதை நிறுத்துவதில்லை.

ஆனால் மீன் குளிர் இரத்தப் பிராணி. நீரின் வெப்பநிலை எதுவோ, ஏறத்தாழ அதுவே அதன் உடலின் வெப்பநிலை. 4 டிகிரி நீரில் அதன் உடலில் நடக்கும் வேதிவினைகள் யாவும் மெதுவாகிவிடும். எனவே அது இரையைத் துரத்திக்கொண்டு ஓடாது; சக்தியை வீணாக்காது. ஆழமான பகுதியில், அடித்தளத்தை ஒட்டி, கூட்டமாக நின்றுகொள்ளும். வாய்க்கு நேராக மிதந்து வரும் பூச்சிகளின் இளவுயிரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். கோடையில் நீர்மட்டத்துக்கு எழுந்து வந்து ஈயைப் பிடிக்கும் அதே மீன், இப்போது தன் இடத்தை விட்டு அதிகம் நகர விரும்பாது.

அடியில் வெதுவெதுப்பா?

உடனே நீங்கள் ஒரு விடை சொல்லக்கூடும். "நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிகம். ஆகவே 4 டிகிரி நீர் அடியில் தங்கும். மேலே உள்ள நீர் அதைவிடக் குளிர்ந்திருக்கும். வெதுவெதுப்பைத் தேடித்தான் மீன் அடியில் நிற்கிறது!"

நல்ல விடைதான், ஆனால் அது ஏரிக்குப் பொருந்தும் விடை. அசையாத நீரில்தான் அடுக்குகள் உருவாகும். ஆற்று நீரோ கற்களில் மோதி, சுழன்று, மேலும் கீழுமாக ஓயாமல் கலந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஓடும் ஆற்றில் மேலும் கீழும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான்.

தென் இங்கிலாந்தில் டெஸ்ட், இட்சன் போன்ற ஆறுகள் சுண்ணப் பாறைகளிலிருந்து வரும் ஊற்றுகளால் ஓடுகின்றன. ஊற்று நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 டிகிரியிலேயே வெளிவரும். அங்கும் கிரேலிங் பெரும்பாலும் அடியை ஒட்டியே இரை தேடுகிறது. அப்படியானால் காரணம் வெப்பம் அல்ல, வேகம்.

நீரோட்டத்தின் மாடிகள்

ஓடும் நீரின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அடித்தளத்தைத் தொடும் நீர், உராய்வினால் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள நீர் சற்று நகர்கிறது. மேலே செல்லச் செல்ல வேகம் கூடுகிறது. ஆற்றின் நீரளவைக் கணக்கிடும் பொறியாளர்கள் இதற்கு ஒரு எளிய விதி வைத்திருக்கிறார்கள். நீர்மட்டத்திலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறங்கி அங்கே வேகத்தை அளந்தால், அந்த இடத்தின் சராசரி வேகம் கிடைத்துவிடும். மேற்பரப்பின் வேகம் அந்தச் சராசரியைவிட அதிகம். அடியை ஒட்டிய வேகம் மிகக் குறைவு.

கிரேலிங் இந்தக் கீழ்மாடியில் குடியிருக்கிறது. தலைக்கு மேலே ஆறு வேகமாக ஓட, அது அதிகம் நீந்தாமலே நிற்கிறது. அதன் உணவும் கீழ்மாடி வேகத்திலேயே மெதுவாக உருண்டு வருகிறது.

இப்போது புதியவர் செய்யும் தவறைப் பாருங்கள். அவர் பொம்மைப் பூச்சியைத் தொலைவில் வீசுகிறார். பூச்சி கீழே இறங்குகிறது. ஆனால் கனமான தூண்டிற்கயிறு மேற்பரப்பில் கிடக்கிறது. மேல்மாடி நீர் கயிற்றை விரைவாக இழுக்கிறது. கயிறு பூச்சியை இழுக்கிறது. கீழ்மாடியில் எல்லாம் மெல்ல நகர, இந்தப் பூச்சி மட்டும் ஏதோ அவசர வேலையாகப் பறக்கிறது! உண்மையான பூச்சி இப்படிப் போகாது என்பது மீனுக்குத் தெரியும். அதைத் துரத்துவதற்கும் அதற்கு மனமில்லை.

பூச்சிக்கும் அதைச் சுற்றியுள்ள நீருக்கும் இடையே உள்ள சார்புத் திசைவேகம் சுழியாக இருக்க வேண்டும். கற்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

எடையில்லாததை எறிவது எப்படி?

முதலில் வீச்சைப் பார்ப்போம். ஒரு இறகை எவ்வளவு பலமாக எறிந்தாலும் அது உங்கள் காலடியிலேயே விழும். பொம்மைப் பூச்சியும் அப்படித்தான். எனவே இந்த முறையில் எறியப்படுவது பூச்சி அல்ல, கயிறு. நடுத்தரக் கயிறு ஒன்றின் முதல் 9 மீட்டர் சுமார் 9 கிராம் எடை இருக்கும்.

கோலைப் பின்னால் வீசினால் கயிறு பின்பக்கமாக நீளும். அது நீண்டு நேராகும் வரை பொறுத்திருந்து, பிறகு முன்னால் கொண்டுவர வேண்டும். கயிற்றின் நிலைமத்தால் கோல் வில்லாக வளைந்து மீட்சி ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளும். கையைச் சட்டென்று நிறுத்தினால் கோல் நிமிர்ந்து அந்த ஆற்றலைக் கயிற்றுக்குத் தரும். கயிறு ஒரு வளைவாக உருண்டு முன்னே ஓடும். ஓட ஓட, இன்னும் நகரும் பகுதியின் நீளம் குறைகிறது. குறைந்த நிறை, ஆனால் ஆற்றல் பெரிதும் குறையவில்லை. எனவே நுனி வரை வேகம் தளர்வதில்லை. சாட்டையும் இப்படித்தான் வேலை செய்கிறது.

புதியவர் இங்கேயும் ஒரு தவறு செய்வார்: பின்னால் பொறுத்திருக்க மாட்டார். அவசரப்பட்டால் கயிறு தலையைச் சுற்றிக்கொள்ளும். பலத்தைக் கூட்டினாலும் பயனில்லை, நேரம்தான் முக்கியம்.

அடியை எட்டும் வழி

வில்ட்‌ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் காவலராக இருந்தவர் ஃபிராங்க் சாயர். 1980இல் மறைந்த இவர், ஆற்றங்கரையிலேயே வாழ்ந்து நீருக்கடியில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தவர். பொம்மைப் பூச்சிகளைச் சாதாரண நூலால் கட்டாமல் மெல்லிய செப்புக் கம்பியால் கட்டினார். கட்டும் வேலையும் நடந்தது, எடையும் கிடைத்தது. கிரேலிங்குக்காக அவர் செய்த "கில்லர் பக்" வெறும் கம்பளி நூலும் கம்பியும்தான். அதில் கண்ணும் இல்லை, சிறகும் இல்லை. உருவத்தைவிட, சரியான ஆழத்தில் சரியாக மிதந்து வருவதே முக்கியம் என்று அவர் உணர்ந்திருந்தார்.

இன்று பூச்சியின் தலையில் டங்ஸ்டன் மணியைக் கோக்கிறார்கள். ஏன்? 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணியின் கன அளவு சுமார் 14 கன மில்லிமீட்டர். துளையைக் கணக்கில் எடுக்காவிட்டால், பித்தளையில் அதன் நிறை 0.12 கிராம், அடர்த்தி 19.3 உள்ள டங்ஸ்டனில் 0.27 கிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி நீரின் மேலுதைப்பைக் கழித்தால், டங்ஸ்டன் மணி பித்தளை மணியைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். பருமன் கூடாமலே பூச்சி விரைந்து இறங்குகிறது.

அடுத்து, மேல்மாடியின் இழுப்பைத் தவிர்க்க வேண்டும். செக், போலந்து நாட்டு மீன்பிடிப்போர் புகழ்பெறச் செய்த முறை இதற்கு உதவும். தொலைவில் வீசுவதே இல்லை. மீனுக்கு அருகே மெல்ல நடந்து சென்று, கோலை உயர்த்திப் பிடித்து, கனமான கயிறு நீரைத் தொடாமல் பார்த்துக்கொள்வார்கள். நீருக்குள் இறங்குவது 0.12 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய நைலான் இழைதான். இழை மெலிந்தால் அதன் மேல் நீரின் இழுப்பும் குறையும்.

பூச்சி அடியை எட்டிவிட்டது என்று எப்படி அறிவது? அது கண்ணுக்குத் தெரியாதே! நூலில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வண்ணத் துண்டைச் சேர்த்திருப்பார்கள். அதன் அருகே நீரில் மிதந்து செல்லும் நுரைக் குமிழியைப் பாருங்கள். வண்ணத் துண்டு நுரையோடு சமமாக ஓடினால் பூச்சி இன்னும் மேல்மாடியில் இருக்கிறது. நுரை முந்திச் செல்ல, வண்ணத் துண்டு பின்தங்கினால் பூச்சி கீழ்மாடிக்குப் போய்விட்டது! கண்ணால் காண முடியாத ஓர் ஆழத்தை ஒரு நுரைக் குமிழி உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த வண்ணத் துண்டு ஒரு கணம் நின்றாலோ லேசாக நடுங்கினாலோ, கோலை மெல்ல உயர்த்துங்கள். கல்லாக இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். பொம்மை என்று தெரிந்ததும் மீன் நொடிப்பொழுதில் துப்பிவிடும்.

ஆற்றில் கால் வைக்குமுன்

இந்தக் குறுகிய நூல் முறைக்கு ஆற்றுக்குள் இறங்க வேண்டும். இங்கேதான் உயிருக்கு ஆபத்து இருக்கிறது.

ஓடும் நீர் உங்கள் கால்களைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நொடிக்கு அரை மீட்டர் வேகமானால், இரு கால்களிலும் சேர்ந்து சுமார் 22 நியூட்டன். வேகம் நொடிக்கு ஒரு மீட்டரானால் 44 அல்ல. சுமார் 90 நியூட்டன்! ஆழம் கூடினால் நீரின் மேலுதைப்பும் கூடும். பாதம் தரையை அழுத்துவது குறையும், உராய்வும் குறையும். தள்ளும் விசை வளர, பிடித்து நிறுத்தும் விசை தளர்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள் ஊன்றுகோல் இல்லாமல் இறங்குவதில்லை, தனியாகச் செல்வதில்லை.

நீளமான ரப்பர் காலுறைக்குள் நீர் புகுந்தால் அதன் எடை ஆளை அமிழ்த்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நீருக்குள் இருக்கும் நீருக்கு எடை தோன்றாதே! உண்மையான எதிரி குளிர்தான். நீர், காற்றைப்போல் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். திடீரென்று அதில் விழுந்தவருக்குத் தன்னையறியாமல் மூச்சு வாங்கும். அந்த மூச்சு நீருக்குள் நேர்ந்தால் அதுவே முடிவு.

கால் வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் டிரௌட் மீனின் முட்டைகள் கூழாங்கற்களுக்குள் புதைந்திருக்கும். சுற்றியுள்ள கற்களைவிட வெளிறிய, புதிதாகக் கிளறியதுபோன்ற திட்டுகளே அதற்கு அடையாளம். அங்கே ஒரு காலடி பல உயிர்களை நசுக்கிவிடும்.

பிடிபட்ட கிரேலிங்கைப் பெரும்பாலோர் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நீரை விட்டு அதை வெளியே எடுக்காமல் முள்ளைக் கழற்றுவதே நல்லது. ஆற்று நீர் 3 டிகிரி. காற்றோ உறைநிலைக்குக் கீழே. தூண்டிற்கோலின் வளையங்களில் ஒட்டிய நீர்த்துளிகள் பனிக்கட்டியாவதை அன்று காலையே பார்த்தீர்கள் அல்லவா? ஈரமான மென்மையான செவுள்களுக்கும் அந்தக் காற்று ஆகாது. மீனின் தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருங்கள். அது தானே வலுப்பெற்று உங்கள் கையை விட்டு நழுவி, தன் கீழ்மாடிக்குப் போய்ச் சேரும்.

இந்த மீனுக்குக் குளிர்ந்த, தூய்மையான, ஆக்சிஜன் நிறைந்த நீர் வேண்டும். 0 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம்தான். ஆறுகள் வெப்பமடைந்தாலும் மாசடைந்தாலும் முதலில் துன்பப்படும் மீன்களில் கிரேலிங்கும் ஒன்று.

நீங்களே செய்து பாருங்கள்

மெதுவாக ஓடும் ஆழமற்ற ஒரு வாய்க்காலின் கரையில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். ஒரு சிறிய புட்டியில் நீர் நிரப்பி, மூழ்கும்படி செய்யுங்கள். அதை நூலில் கட்டி, ஒரு சிறிய தக்கையிலிருந்து தொங்கவிடுங்கள். புட்டி அடியைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே இருக்கட்டும். அந்தத் தக்கையையும் ஓர் இலையையும் ஒரே நேரத்தில் நீரில் விடுங்கள். எது முந்துகிறது? எவ்வளவு தூரத்தில் எவ்வளவு முந்துகிறது? அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நூலின் நீளத்தை மாற்றி மீண்டும் பாருங்கள்.

இலை சொல்வது மேலே ஓடும் ஆற்றின் வேகம். பின்தங்கும் தக்கை சொல்வது கீழே ஓடும் ஆற்றின் செய்தி.