கல்லை மேயும் மீன்கள்

இளம் அறிவியல் (விலங்கியல்), இரண்டாம் ஆண்டு

வண்ண மீன் கடைகளில், "தொட்டி துடைக்கும் மீன் இருக்கிறதா?" என்று கேட்போரைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று தீர்த்துவிடும், அதற்கென்று தனியாகத் தீனி போட வேண்டியதில்லை என்பது அவர்கள் எண்ணம். பாசி மேயும் மீன்கள் வீட்டுத் தொட்டியில் வயிறு ஒட்டிச் சாவதற்கு இந்த எண்ணமே முதற் காரணம் என்பேன்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் 'கர்ரா' என்னும் பேரினத்து மீன்கள் வாழ்கின்றன. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடப்பதால் கல்லொட்டி என்ற பெயர் இவற்றுக்குப் பொருந்தும். ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இப்பேரினத்தில் 150-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நான் வளர்ப்பவை, வயல் வாய்க்காலுக்கு ஒதுங்கி வந்த நான்கு குஞ்சுகள். காப்புக்காட்டு ஓடைகளில் அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம் என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்க.

இம்மீனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் இதன் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும். வாய் முகத்தின் முன்னே இல்லை, அடியில் இருக்கிறது. கீழுதட்டுக்குப் பின்னால் சதைப்பற்றான வட்டத் தட்டு ஒன்று உண்டு. அதைக் கல்லின் மேல் அழுத்திப் பற்றிக்கொள்கிறது. அடிவயிறு தட்டை, மார்புத் துடுப்புகள் இரு பக்கமும் படுக்கையாக விரிந்தவை. பாயும் வெள்ளம் இதை அடித்துச் செல்வதற்குப் பதிலாகக் கல்லோடு சேர்த்து அழுத்திவிடுகிறது! இத்தகைய அமைப்புகளை விரிவாக ஆராய்ந்தவர் நம் நாட்டு அறிஞர் சுந்தர்லால் ஹோரா. கர்ரா மீன்களைப் பற்றி 1921-லேயே தனி ஆய்வுரை எழுதியவர். இமயப் பகுதி ஓடை மீன்களின் உறவினங்கள் தென்கோடி மலைகளுக்கு எப்படி வந்தன என்பதற்கு, சாத்பூரா மலைத்தொடர் வழியே வந்திருக்கலாம் என்று அவர் கூறிய விளக்கம் பின்னர் மறுக்கவும் பட்டது. ஆனால் அந்தக் கேள்வி சுவையானது.

இனி வயிற்றுக்குள் பார்ப்போம். குடல் மிக நீளம். சுருள் சுருளாக மடிந்து கிடக்கும். கல்லின் மேல் வழவழப்பாகப் படியும் டயாட்டம், பச்சைப்பாசி, அவற்றினூடே வாழும் நுண்ணுயிர்கள் ஆகியவையே உணவு. இதில் சத்துக் குறைவு. ஆகவே பகல் முழுதும் மேய்ந்தாக வேண்டும். புதிதாக அமைத்த பளபளக்கும் தொட்டியில் மேய என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. நூல் நூலாக வளரும் முரட்டுப் பாசியைப் பெரும்பாலும் இவை சீந்துவதில்லை.

இதற்கு நான் கண்ட வழி எளியது. மொட்டை மாடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, கூழாங்கற்களைப் போட்டு வெயிலில் வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று வாரங்களில் கற்கள் மேல் பசுமை படிந்துவிடும். அவற்றை உள்ளே வைத்து, மேய்ந்து முடித்த கற்களை மாடிக்கு அனுப்புகிறேன். கொசு முட்டையிடாமல் அத்தொட்டியின் மேல் வலைத்துணி கட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு கொடுக்கலாம். மிஞ்சியதை மறுநாள் காலைக்குள் எடுத்துவிட வேண்டும்.

உணவுக்கு அடுத்தது பிராணவாயு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும்; 30 டிகிரியில் ஏறத்தாழ ஏழரைதான். சலசலக்கும் குளிர்ந்த நீரில் வளர்ந்த மீனுக்கு நம் ஊர்ச் சித்திரை மாதம் பெருஞ்சோதனை. எனவே சுமார் 100 லிட்டர் கொள்ளும் மூன்றடித் தொட்டி, வெயில் படாத இடம், நீரை ஒரு பக்கமாகத் தள்ளி மேற்பரப்பைக் கலக்கும் சிறு பம்பு, பஞ்சு வடிகட்டி இவ்வளவும் தேவை. மின்சாரம் நின்றால் பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு கை கொடுக்கும். குழாய் நீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து குளோரின் போனபின் ஊற்றுக.

மீன்கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியங்கள் பஞ்சில் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். ஆகவே மீன் விடும் அவசரம் கூடாது. பாசி தின்னும் மீனும் கழிவு விடும் மீனே அல்லவா?

கடையில் 'துடைக்கும் மீன்' என்று தருவது பெரும்பாலும் தென் அமெரிக்கக் கவச உடல் கெளுத்தி. ஒரு சாணுக்கு மேல் வளர்ந்ததும் சிலர் அதை ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, வலைகளைக் கிழித்து மீனவரை வாட்டுகிறது.

கல்லொட்டிக்கு மூடி அவசியம். இரவில் ஈரக் கண்ணாடியைப் பற்றி ஏறிவிடும். பம்பின் கம்பி நுழையும் ஓட்டையையும் பஞ்சால் அடைத்துவிடுங்கள்.